மேலே பழம், உள்ளே சீனி



தீபாவளி நெருங்கினால் முன்பெல்லாம் நம் லயத்து வீடுகளில் எண்ணெய்ச் சட்டி வாசம்தான் அடிக்கும். முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை என்று அம்மாமார்கள் இராத்திரி பகலாய் உட்கார்ந்து சுடுவார்கள். இப்போது அதோடு வெண்ணெயும் வனிலாவும் கலந்த இன்னொரு வாசமும் வருகிறது. தவணையில் வாங்கிய சின்ன ஓவன் நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. பெண் பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து விதவிதமாய் பிஸ்கட் சுடுகிறார்கள். சிலர் போத்தலில் அடைத்து விற்று, பெருநாள் செலவுக்கு நாலு காசும் பார்க்கிறார்கள். நல்ல காரியம். இதை நான் குறை சொல்ல வரவில்லை.

அதிலே ஒரு பிஸ்கட் எங்கள் தோட்டத்தில் ரொம்பப் பிரபலம். கடித்தால் மொறுக்கென்று உடையாது. கேக் மாதிரி மெத்தென்று இருக்கும். மேலே வெள்ளை வெளேரென்று ஐசிங் தடவி, அதன்மேல் மாம்பழம், கிவி, கேமரன் மலை ஸ்ட்ராபெர்ரி என்று பச்சைப் பழத் துண்டுகளை அடுக்குவார்கள். பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி. பிள்ளைகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் "பழ பிஸ்கட்". என் மகளும் வீட்டில் சுடுகிறாள். நானும் சாப்பிடுகிறேன்.

எனக்குச் சண்டை அந்தப் பெயரோடுதான். அது பழ பிஸ்கட் அல்ல, சீனி பிஸ்கட். பழம் அதன் நெற்றியில் வைத்த பொட்டு, அவ்வளவுதான். பொட்டைப் பார்த்து ஏமாந்து போன ஒருவரின் கதையை முதலில் சொல்கிறேன். அவர் ஏமாந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

உதிரிப் பழம் பொறுக்கும் வேலை பார்க்கும் ஓர் அக்கா. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இனிப்பு நீர் வந்து பல வருஷம். மாதாமாதம் கிளினிக்குக்கு வருவார், மருந்து வாங்குவார், போவார். ஒரு பெருநாளுக்கு முன் மருந்து வாங்க வந்தபோது, "ஐயா, பெருநாளைக்கு என்னாதான் சாப்பிடறது?" என்று கேட்டார். அன்று வெளியே வரிசை நீளம். நான் தலையை நிமிர்த்தாமலே, "பலகாரம் வேணாம்க்கா, பழம் சாப்பிடுங்க" என்றேன். ஒரே வரி. வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பெருநாள் முடிந்து இரண்டு வாரம் கழித்து நொண்டிக்கொண்டு வந்தார். செம்பனை முள் காலில் ஏறியிருக்கிறது. ஏறி நாலு நாள் ஆகிவிட்டது. கால் மரத்துப் போனதால் வலி தெரியவில்லை. விரல் கறுத்திருந்தது. இரத்தத்தில் சீனியைப் பார்த்தேன்: 19-க்கு மேல். "என்னக்கா சாப்பிட்டீங்க?" என்றேன். அவர் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"நீங்க சொன்ன மாதிரிதான் ஐயா. முறுக்கு தொடல, அதிரசம் தொடல. பேத்தி சுட்ட பழ பிஸ்கட் மட்டுந்தான்."

காலையில் பசியாறும்போது மூன்று, சாயங்காலத் தேத்தண்ணிக்கு மூன்று. பழம்தானே என்ற தைரியம். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தேன். ஒரு விரல் போயிற்று. பிஸ்கட்டால் விரல் போனது என்று நான் சொல்லவில்லை. பல வருஷ நோய், மரத்த கால், முள், நாலு நாள் தாமதம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் சீனி ஏறி நிற்கும் உடம்பில் புண் ஆறாது, கிருமி சுலபமாய்ப் பிடிக்கும். அதே முள் என் காலில் ஏறியிருந்தால் பிடுங்கிப் போட்டுவிட்டு மறந்திருப்பேன்.

அன்றிலிருந்து "சாப்பிடாதே" என்றோ "சாப்பிடு" என்றோ ஒற்றை வரியில் சொல்வதை விட்டுவிட்டேன். கணக்கைக் காட்டுகிறேன். நீங்களும் பாருங்கள்.

என் மகள் முதலில் சுட்ட அளவு இது. கோதுமை மாவு 300 கிராம், மார்ஜரின் 150 கிராம், சீனி 150 கிராம், முட்டை ஒன்று, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி. மேலே தடவும் ஐசிங்கிற்கு மார்ஜரின் 100 கிராம், ஐசிங் சீனி 240 கிராம். மொத்தம் 24 பிஸ்கட் வந்தது. தராசை வைத்து நான் கூட்டினேன். சீனி மட்டும் 390 கிராம். 24-ஆல் வகுத்தால் ஒரு பிஸ்கட்டில் 16 கிராம் சீனி. அதாவது நாலு தேக்கரண்டி! கவனியுங்கள்: மாவுக்குள் போன சீனியை விட மேலே தடவியதுதான் அதிகம்.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவு என்ன? நாம் சேர்த்துக்கொள்ளும் சீனி, அன்றாடம் சாப்பிடும் மொத்தச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடும் ஆளுக்கு அது 50 கிராம், சுமார் 12 தேக்கரண்டி. அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது. மூன்று பிஸ்கட்டிலேயே 12 தேக்கரண்டி தீர்ந்துவிட்டது. காலைத் தேத்தண்ணியில் ஊற்றிய கெட்டிப் பால், கடையில் வாங்கிய சிவப்புத் தண்ணி எல்லாம் அதற்கு மேல் கடன். அந்த அக்கா தினம் ஆறு சாப்பிட்டிருக்கிறார்.

மேலே வைத்த பழமோ இரண்டு மூன்று சீவல். அதில் நார்ச்சத்து என்ன வந்துவிடப் போகிறது? பழம் வேண்டுமானால் ஒரு கொய்யாவை, ஒரு கீற்று பப்பாளியைக் கையில் எடுத்துக் கடித்துச் சாப்பிடுங்கள்.

இந்த நாட்டில் 2023-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. 2019 ஆய்வில் இந்தியர்களிடையேதான் அது மிகுதி. பத்துப் பேரில் மூன்று பேர் என்ற அளவில் இருந்தது. தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாதவர்களும் அதில் பலர். வெறும் வயிற்றில் 7.0 அல்லது அதற்கு மேல் காட்டினால், மறுபடி சோதித்து உறுதி செய்தே ஆக வேண்டும். நமக்கு இது யாரோ பணக்காரர் வீட்டு வியாதி இல்லை, தோழர்களே. கத்தி பிடிக்கும் கைக்கும், முள்ளில் நடக்கும் காலுக்கும் வருகிற வியாதி.

அதற்காக ஓவனைத் தூக்கிப் பரணில் போட வேண்டாம். நானும் மகளும் உட்கார்ந்து அளவை மாற்றினோம். மாவு அதே 300 கிராம், வெண்ணெய் 150 கிராம், ஒரு முட்டை. சீனியை 100 கிராமாகக் குறைத்தோம். சீனிக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும் குணம் உண்டு. அதனால்தான் இந்த பிஸ்கட் மெத்தென்று இருக்கிறது. சீனி குறைந்தால் கொஞ்சம் காயும். அதைச் சரிக்கட்ட ஒரு மேசைக்கரண்டி கெட்டித் தயிர் சேர்த்தோம். உருண்டைகளைச் சிறியதாய் உருட்டி 30 ஆக்கினோம். ஓவன் 170 பாகையில் சுமார் பத்து நிமிடம். ஓரம் லேசாய் நிறம் மாறும்போதே எடுத்துவிட வேண்டும், நடுப்பகுதி வெளுப்பாய் இருந்தாலும் பரவாயில்லை. தட்டிலேயே ஐந்து நிமிடம் விட்டால் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். சிவக்க விட்டால் கல் பிஸ்கட் ஆகிவிடும்.

ஐசிங்கிற்கு 50 கிராம் வெண்ணெய், 60 கிராம் ஐசிங் சீனி, சில சொட்டு எலுமிச்சைச் சாறு. பிஸ்கட் நன்றாய் ஆறிய பிறகு, சுண்ணாம்பு தடவுகிற மாதிரி மெல்லிசாய்த் தடவினால் போதும். இப்போது கணக்குப் பாருங்கள்: மொத்தச் சீனி 160 கிராம், 30 பிஸ்கட். ஒன்றுக்கு 5 கிராம் சொச்சம். நாலு தேக்கரண்டி இருந்த இடத்தில் ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேல். என் அம்மா ஒன்றை வாயில் போட்டுவிட்டு, "இப்பத்தான்டா வெண்ணெ வாசமே தெரியுது" என்றார்.

அடுத்தது பழம். பெருநாள் முடிந்த கையோடு வயிற்றுப்போக்கென்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவது எனக்கு வருஷா வருஷம் பழக்கம். நறுக்கிய பழத்தை நம் ஊர் வெக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கவே கூடாது. கிருமி பெருகிவிடும். ஆகவே பிஸ்கட்டை முன்கூட்டிச் சுட்டு, காற்றுப் புகாத டின்னில் நாலைந்து நாள் வையுங்கள். விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஐசிங் தடவி, பழத்தை நறுக்கி மேலே வைத்துக் கொடுங்கள். மிஞ்சியதை உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். அன்னாசி நீர் விடும். துடைத்துவிட்டு வைக்காவிட்டால் பிஸ்கட் ஊறிப் போகும்.

இன்னும் சில எச்சரிக்கை. பச்சை மாவைப் பிள்ளைகள் வழித்து நக்க விடாதீர்கள். வேகாத முட்டையிலும் வேகாத மாவிலும் நோய்க்கிருமி இருக்கலாம். மருந்தடிக்கும் வேலைக்குப் போனவர்கள் குளித்து உடை மாற்றிவிட்டுத்தான் மாவைத் தொட வேண்டும். மருந்தடித்த நிரைக்குப் பக்கத்தில் காய்க்கும் கொய்யா, பப்பாளியைப் பறித்துப் பலகாரத்தில் வைக்காதீர்கள். காலியான மருந்துப் போத்தலையோ தோம்பையோ எத்தனை முறை கழுவினாலும் அதில் தின்பண்டம் வைக்கக் கூடாது. சொன்னா கோவிச்சுக்காதீங்க, கண்ணால் பார்த்ததால் சொல்கிறேன்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "இன்னிக்கு ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கிட்டா சரியாப் போயிடும்" என்று பெருநாள் அன்று சிலர் செய்கிறார்கள். வேண்டவே வேண்டாம். சில மாத்திரைகளும் இன்சுலினும் அளவு கூடினால் சீனி திடுமென இறங்கி, வியர்த்து நடுங்கி, மயங்கி விழ நேரிடும். உயிருக்கே ஆபத்து. பிஸ்கட்டுக்கு இடம் விட்டுச் சோற்றைப் பட்டினி போடுவதும் அதே மாதிரி ஆபத்துதான். மருந்தை வழக்கம்போல் போடுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். ஆசைக்குச் சீனி குறைத்த பிஸ்கட் ஒன்று. அன்றைக்குத் தேத்தண்ணியில் சீனி வேண்டாம். தினமும் இராத்திரி இரண்டு பாதங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். முள்ளோ வெட்டோ கண்டால் அன்றைக்கே கிளினிக்குக்கு வாருங்கள். சம்பளம் போய்விடுமே என்று நாள் கடத்தாதீர்கள். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, வேலை செய்த காலத்துக்குத் தக்கபடி வருஷத்துக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு உங்கள் உரிமை. டாக்டர் சான்றிதழ் வேண்டும்.

முடிவாக, பிஸ்கட் சுட்டு விற்கும் சகோதரிகளுக்கு என் வேண்டுகோள். போத்தல் மூடியில் ஒரு சின்னக் காகிதம் ஒட்டுங்கள். சுட்ட தேதி, ஒரு பிஸ்கட்டில் எத்தனை தேக்கரண்டி சீனி, இந்த இரண்டு மட்டும் எழுதுங்கள். சீனி மொத்தத்தைப் பிஸ்கட் எண்ணிக்கையால் வகுக்க நாலாம் வகுப்புக் கணக்கு போதும். வியாபாரம் குறையும் என்று பயப்படாதீர்கள். "இவ வீட்டு பிஸ்கட்டை நம்பி அம்மாவுக்குக் கொடுக்கலாம்" என்ற பெயர் வந்தால் அதுவே முதல். சங்கக் கிளைகளும் தீபாவளி உபசரிப்பில் சீனி குறைத்த தட்டு ஒன்றைத் தனியாக வைத்து, பக்கத்திலேயே எழுதியும் வைக்கலாமே?

அந்த அக்கா இப்போதும் மாதாமாதம் வருகிறார். ஒரு விரல் இல்லாத காலுக்குப் பஞ்சு வைத்த சப்பாத்து. போன தடவை வந்தபோது, "பேத்தி இப்பல்லாம் சீனிய நிறுத்துப் போடறா ஐயா. நான் பக்கத்துல நின்னு எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றார். சீனி 8-க்கு வந்திருந்தது. இன்னும் குறைய வேண்டும், குறையும்.

எல்லாருக்கும் முன்கூட்டிய தீபாவளி வாழ்த்துகள். சந்தேகம் இருந்தால் கிளினிக்குக்கு வந்து கேளுங்கள். வரிசை எத்தனை நீளமானாலும் இனி ஒற்றை வரியில் பதில் சொல்ல மாட்டேன்.