படியூர்க் கல்லும் கருத்துக் கேட்காத சட்டமும்

காங்கேயம்னா காளை, அடுத்து தேங்காய் எண்ணெய். அதுக்கு மேல நம்மில் பலருக்கு ஒண்ணும் தோணாது. ஆனா அங்கிருந்து திருப்பூர் போற வழியில இருக்கிற படியூர், கடல்நீல அக்வாமரின் கல் எடுத்த ஊர். அது பெரில் என்ற கனிமத்தின் தெளிந்த வகை. பெரிலியம் என்ற உலோகம் இருப்பதும் இதே பெரிலில்தான்.

நொய்யல் கரையில் கொடுமணலைத் தோண்டியபோது பெரில் மணிகள் செய்த பட்டறைத் தடயங்கள் கிடைத்தன. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ரோமாபுரியில் பிளினி, பெரில் இந்தியாவை விட்டால் வேறெங்கும் அபூர்வம் என்று எழுதி வைத்தார். பிறகு 1819, 1820 இரண்டே வருஷத்தில் ஹீத் என்ற வெள்ளைக்கார அதிகாரி படியூரில் 2,196 கற்கள் எடுத்தார். அன்றைய மதிப்பு 1,201 பவுண்டு. கல் கப்பலேறியது, குழி ஊருக்கு :-)

நிற்க. இப்ப எதுக்கு இந்தப் பழங்கதை?

பெரிலியம் அணுக் கனிமப் பட்டியலில் இருந்ததால் தனியார் தொட முடியாது. 2023-ல் சட்டத்தைத் திருத்தி, பெரிலியம் உட்பட 6 கனிமங்களை அந்தப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். இனி மத்திய அரசு ஏலம் விடும், தனியார் தேடலாம், தோண்டலாம். தேடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 18 கண்ணாடிகளும் பெரிலியம்தான். இஸ்ரோ இருக்கிற பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வராது. இங்கே நாகரபாவியில் தென்மண்டல அலுவலகம் வைத்திருக்கும் அணுக் கனிம இயக்குநரகம், பக்கத்து மண்டியா மாவட்டம் மார்லகல்லாவில் 1,600 டன் லித்தியம் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறது. அது கிடைக்கும் பெக்மடைட் பாறையில்தான் பெரிலும் கிடைக்கும். இன்று மண்டியா என்றால் நாளை காங்கேயமாகவும் இருக்கலாம்.

என் கோபம் வேறு. 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், இந்த முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமே தேவையில்லை என்று உத்தரவு போட்டுவிட்டது. கேட்டால் நாட்டின் பாதுகாப்பு, அவசரம். சீனாவைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். பெரிலியத்தில் உலகின் முதலிடம் சீனா இல்லைங்க, அமெரிக்கா. யூட்டா மாநிலத்துச் சுரங்கம். கல்லாகக் கிடக்கும்வரை பெரில் சாதுதான். அதைப் பிரித்து உலோகமாக்கும்போது வரும் தூசி நுரையீரலைக் கெடுக்கும், பல வருஷம் கழித்துக்கூட நோய் காட்டும். இதையெல்லாம் ஊர்க்காரர் எழுந்து நின்று, தமிழிலேயே கேட்டு, பதிவில் ஏற்றக்கூடிய ஒரே இடம் அந்தக் கூட்டம்தான்.

பட்டா இன்னும் அப்பா பேரில். நாமோ பெங்களூரிலும் டல்லாஸிலும் பொட்டி தட்டுகிறோம். ஏல அறிவிப்பு வந்தால் யார் படிப்பார்? ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபை நாள். நாம் லீவில் ஊருக்குப் போகிற நாளும் அதேதான். இந்த விலக்கு எங்கள் ஊருக்கு வேண்டாம் என்று ஒரு தீர்மானம் போடச் சொல்லிக் கேளுங்க.