நீதிபதிக்கு மிஞ்சிய ஒரு நாள்

2004 நவம்பர் 16. அமெரிக்காவின் யூட்டா மாநிலம், சால்ட் லேக் சிட்டியில் உள்ள மத்திய நீதிமன்றம். வெல்டன் ஏஞ்சலோஸ் என்ற இளைஞருக்கு நீதிபதி பால் காசெல் விதித்த தண்டனை 55 ஆண்டுகளும் ஒரு நாளும்.

அந்த 55 ஆண்டுகள் சட்டப் புத்தகத்திலேயே அச்சாகியிருந்தவை. அவற்றில் ஒரு மாதத்தைக்கூடக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. ஏஞ்சலோஸ் மீது நிரூபணமான மற்ற குற்றங்கள் விஷயத்தில் மட்டும் அவர் தம் விருப்பப்படி முடிவெடுக்க முடிந்தது. அத்தனைக்கும் சேர்த்து ஒரு நாள் போட்டார். தீர்ப்புகள் படிப்பதையே தொழிலாகக் கொண்டவன் நான். ஒரு நீதிபதியின் கோபம் இத்தனை சிறிய எண்ணில் வெளிப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஏஞ்சலோஸ் செய்தது என்ன? ராப் இசைத்தட்டு நிறுவனம் ஒன்றை நடத்திக்கொண்டே கஞ்சாவும் விற்றார். 2002-ல் போலீஸுக்குத் துப்புக் கொடுக்கும் ஒருவர் அவரிடம் மூன்று முறை வாங்கினார். முறைக்கு எட்டு அவுன்ஸ், அதாவது கால் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. விலை 350 டாலர். முதல் தடவை காரில் துப்பாக்கி இருந்தது, அடுத்த தடவை கணுக்கால் உறையில் இருந்தது என்று அந்தத் துப்புக்காரர் சாட்சி சொன்னார். பிறகு வீட்டைச் சோதனையிட்டபோதும் துப்பாக்கிகள் கிடைத்தன. ஏஞ்சலோஸ் யாரையும் சுடவில்லை, யாரையும் மிரட்டவும் இல்லை.

மூதாட்டி ஒருவரைக் கட்டையால் அடித்தே கொன்ற ஆளுக்கு அதே நாளில் அதே நீதிபதி சுமார் 22 ஆண்டுகள் விதித்தார். இந்த முரணைத் தம் தீர்ப்பிலேயே பதிவும் செய்தார். இத்தனைக்கும் காசெல் இளகிய மனசுக்காரர் என்று பெயர் எடுத்தவர் அல்ல. ஜார்ஜ் புஷ் நியமித்த பழமைவாதி, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களின் உரிமைக்காக வாதாடியவர்.

மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி படுகொலைகள் நாட்டை உலுக்கிய 1968-ல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில்தான், அந்த 55 ஆண்டுகளை நிர்ணயித்த சட்டப் பிரிவுக்கு வேர் இருக்கிறது. பின்னர் வந்த திருத்தங்கள் அதைக் கடுமையாக்கின. ஏஞ்சலோஸ் காலத்தில், போதைப்பொருள் விற்பனைக்குத் துணையாகத் துப்பாக்கி வைத்திருந்தால் ஐந்தாண்டு; இரண்டாம் முறையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 25. நம் ஊர்த் தீர்ப்புகளில் 'ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்று ஒரு வரி வருமே, அதற்கு இங்கே இடமில்லை; ஒன்று முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும். இரண்டாம் முறை என்றால் சிறைக்குப் போய்த் திரும்பி வந்தும் திருந்தாதவன் என்றுதானே நினைப்போம்? ஒரே வழக்கின் இரண்டாவது குற்றச்சாட்டும் இரண்டாம் முறைதான் என்று 1993-ல் உச்ச நீதிமன்றம் பொருள் சொல்லிவிட்டது. இன்னொரு விசித்திரமும் உண்டு. முதல் குற்றச்சாட்டில் துப்பாக்கியால் சுட்டே இருந்தாலும் குறைந்தபட்சம் பத்தாண்டுதான். இரண்டாவதில் இடுப்பில் சும்மா இருந்தாலும் 25.

துப்பாக்கியும் போதைப்பொருளும் சேரும் தெருவில் பிணம் விழும் என்கிறார்கள் அரசு வழக்கறிஞர்கள். நான் மறுக்கவில்லை. ஆனால், கடைக்குப் போய்த் துப்பாக்கி வாங்குவதை அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தம் காக்கிறது. 2008-லும் 2022-லும் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் அந்தக் காப்பை இன்னும் இறுக்கின. கடைவாசலில் தடுக்க முடியாததைக் கஞ்சாப் பொட்டலத்தைச் சாக்காக்கிச் சிறைவாசலில் தடுக்கப் பார்க்கிறது அமெரிக்கா. அங்கே தராசைப் பிடித்திருப்பவர் அரசு வழக்கறிஞர்.

ஏஞ்சலோஸிடம் முதலில் பேசிய பேரம் 15 ஆண்டுகள். குற்றத்தை ஒப்புக்கொள்ள அவர் மறுத்ததும் புதிய குற்றப்பத்திரிகை வந்தது. எல்லாம் நிரூபணமானால் குறைந்தபட்சம் 105 ஆண்டுகள். குற்றம் அதேதான், சாட்சியும் அதே ஆள்தான். துப்பாக்கிக் குற்றங்களில் மூன்றை மட்டும் ஜூரி ஏற்றதால் 55-ல் நின்றது. இப்படி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட துப்பாக்கிக் குற்றங்களில் சிக்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் கறுப்பினத்தவர் என்று மத்தியத் தண்டனை ஆணையமே 2018-ல் கணக்குக் காட்டியது.

கஞ்சாவும் துப்பாக்கியும் மோதுவது கடைவாசலிலும் நடக்கிறது. துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் விண்ணப்பத்தில், சட்டவிரோதப் போதைப்பொருள் பயன்படுத்துகிறீர்களா என்ற கேள்வி உண்டு. உங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருந்தாலும் மத்தியச் சட்டப்படி குற்றமே என்ற எச்சரிக்கையும் அதனோடு சேர்ந்திருக்கும். இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் பெரியவர்களுக்கு உரிமக் கடையில் கஞ்சா விற்க அனுமதித்து வரி வாங்குகின்றன. அந்தக் கடையின் வாடிக்கையாளர் துப்பாக்கிக் கடைக்கும் போனால், அந்தக் கேள்விக்கு எப்படி 'இல்லை' என்று எழுதுவார்? 2018-ல் இந்த விண்ணப்பத்தில் பொய் சொன்னதாக அன்றைய அதிபரின் மகன் ஹன்டர் பைடனை 2024 ஜூனில் ஜூரி குற்றவாளி என்றது. தண்டனை அறிவிக்கும் முன்பே தந்தையின் மன்னிப்பு வந்துவிட்டது. எல்லோருக்கும் வெள்ளை மாளிகையில் அப்பா இருப்பதில்லை.

ஏஞ்சலோஸ் சுமார் 12 ஆண்டுகளுக்குப் பிறகு 2016-ல் வெளியே வந்தார். 2020 டிசம்பரில் டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். இடையில், 2018 டிசம்பரில் வந்த 'ஃபர்ஸ்ட் ஸ்டெப்' சட்டம் இந்த அடுக்கலைத் திருத்தியது. முன்பே ஒரு வழக்கில் தண்டிக்கப்பட்டு, அது இறுதியான பிறகும் அதே குற்றத்தைச் செய்தவருக்கு மட்டுமே இனி 25. முன்னரே தண்டனை பெற்று உள்ளே இருந்தவர்களுக்கு அது தானாகப் பொருந்தாது.

இன்று ஏஞ்சலோஸ் அதே மூன்று குற்றங்களுக்காகக் கூண்டில் நின்றால் ஐந்து, ஐந்து, ஐந்து என்று 15 ஆண்டுகள். அரசு வழக்கறிஞர் அன்று பேரம் பேசிய அதே எண். அதையும் குறைக்க நீதிபதிக்கு இன்றைக்கும் அதிகாரம் இல்லை.

(கட்டுரையாளர்: குற்றவியல் சட்டப் பேராசிரியர்)