நீட்டிய சுருதி யாருக்கு?

சிந்தசைசரின் சுருதியைச் சற்றே நீட்டி வைத்தால் இசைக்கு உயிரோட்டம் வந்துவிடும் என்று வாதிடுவோர் உளர். கருவி வாங்கிய நாளில் இருந்த அளவை மாற்றுவதே பிழை என்போரும் உளர். இரு சாராருமே உடன் ஒலிக்கும் கருவியை மறந்து பேசுகின்றனர்.

நீட்டிய சுருதி பியானோவுக்கு உரியது. அதன் எஃகுக் கம்பி விறைப்பு மிக்கது. ஆகவே அதன் மேற்சுரங்கள் இரு மடங்கு, மும்மடங்கு என்னும் கணக்கில் நில்லாது சிறிது உயர்ந்து ஒலிக்கின்றன. அவற்றோடு இசையுமாறு, சுருதி சேர்ப்பவர் ஒவ்வோர் ஆக்டேவையும் இம்மியளவு அகலப்படுத்துகிறார். வலக்கோடிக் கட்டைகள் கூடியும் இடக்கோடிக் கட்டைகள் குறைந்தும் நிற்பது இதனாலேயே. 1938இல் ரெயில்ஸ்பேக் இதனை அளந்து வரைகோடாகக் காட்டினார். ஓர் அரைச்சுரத்தை 100 சென்ட் எனப் பகுத்தால், கோடிகளில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 30 சென்ட் வரை செல்லும்.

வயலினும் புல்லாங்குழலும் ஆர்கன் குழலும் அத்தகையன அல்ல. இடையறாத வில்லும் காற்றும் அவற்றின் மேற்சுரங்களை முழு மடங்குகளிலேயே நிறுத்துகின்றன. மனிதக் குரலும் அவ்வாறே. அவற்றின் நடுவே சிந்தசைசரின் ஆர்கன் ஒலிக்குப் பியானோவின் நீட்சியைப் புகுத்துவது எவ்வகையில் நியாயம்? 1046 ஹெர்ட்ஸ் அளவிலான சுரம் 5 சென்ட் கூடினால், அதே சுரத்தைத் துல்லியமாக ஒலிக்கும் குழலோடு நொடிக்கு மூன்று விம்மல்கள் எழும். குழல் தன் சுருதியை நகர்த்த இயலாது. பாடகர் நகர்ந்து தடுமாறுவர். பழியும் அவர்மீதே விழும்!

"மனிதச் செவியே அகன்ற ஆக்டேவைத்தான் விரும்புகிறது" என்பர். ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும் தனிச் சுரங்களில் அஃது உண்மையே. ஆனால் இரு கருவிகள் ஒருங்கே ஒலிக்கையில் தீர்ப்பளிப்பவை விம்மல்களே அன்றி விருப்பம் அன்று.

மறுபுறம், மேடையில் மெய்யான பியானோ இருக்கையில் சிந்தசைசரை நீட்டாமல் வைப்பதும் வீண் பிடிவாதமே. அங்கே மேற்கட்டைகளில் கசப்பு நிச்சயம்.

பல மின்னணுக் கருவிகளில் இவ்வமைப்பை மாற்ற வழியுண்டு. மாற்ற இயலும் கருவியே மாற்ற இயலாத கருவிக்கு இணங்க வேண்டும். வலியவன் விட்டுக்கொடுப்பதே கூட்டிசையின் அறம். வாசிக்கத் தொடங்குமுன், உயர்ந்த ஸ்தாயியில் ஒரு சுரத்தை இரு கருவிகளிலும் சேர்த்து ஒலித்துப் பாருங்கள். விம்மல் அடங்கும் அளவே சரியான அளவு.