மீன்தொட்டிக்கு பில்டர் வாங்குமுன் கிணற்றை ஒருதரம் பாருங்கள்



கொரோனா ஊரடங்கு நாட்களில் பிடித்த ஆசை இன்னும் விடவில்லை. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று எங்கே போனாலும் வளவுக்குள் ஒரு சீமெந்துத் தொட்டி, அதற்குள் கோய், தங்கமீன், இல்லாவிட்டால் திலாப்பியா. நல்ல பொழுதுபோக்குத்தான், பிள்ளைகளும் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதைப் பார்க்கிறார்கள். தொட்டி கட்டிய கையோடு எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சேர், எந்த பில்டர் நல்லம்?" நான் திருப்பி இரண்டு கேள்வி கேட்பேன். ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி போடுகிறீர்கள்? தொட்டி கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுகிறீர்கள்? முதலாவதற்குப் பாதிப் பேர் பதில் சொல்வார்கள். இரண்டாவதை யாரும் யோசித்ததே இல்லை.

நமக்குத் தண்ணீர் சுத்தம் என்றதும் பள்ளிவாசல் ஹவுள்தான் நினைவுக்கு வரும். ஷாபிஈ மத்ஹபின்படி இரண்டு குல்லத் அளவு தண்ணீரில் நஜீஸ் விழுந்தாலும் நிறம், சுவை, வாடை மாறாதவரை அது சுத்தமானது. இது நமது வுழூவுக்கான சட்டம். மீன் அந்தத் தண்ணீருக்குள் மூச்சு விடுகிறது. அதைக் கொல்லும் அமோனியாவுக்கு அந்த அளவில் நிறமும் இல்லை, நம் மூக்குக்குப் பிடிபடும் வாடையும் இல்லை. அடியில் கிடக்கும் காசு தெரிகிற அளவு தெளிந்த தண்ணீரில் காலையில் மீன் மிதப்பது இதனால்தான். பிறகு "கண்ணூறு பட்டுட்டு" என்பார்கள்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். எட்டு அடி நீளம், ஐந்து அடி அகலம், மூன்று அடி ஆழம் என்றால் சுமார் 3,400 லீற்றர் தண்ணீர். அதில் ஒரு நாளைக்கு 100 கிராம் தீனி போடுகிறீர்கள், அதில் 32 வீதம் புரதம். அந்தப் புரதத்திலிருந்து மீனின் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் ஏறக்குறைய 3 கிராம் அமோனியா நைதரசன் தண்ணீருக்குள் வரும். லீற்றருக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு, அதுவும் ஒரே நாளில். தண்ணீரின் பீ.எச். 7இல் நிற்கும்போது அதில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இருக்காது. 8க்கு ஏறினால் நமது வெயிலுக்கு அது பத்து மடங்கு அளவுக்குக் கூடிவிடும். புதுச் சீமெந்துத் தொட்டியில் சுண்ணாம்பு கசிந்து பீ.எச். தானாக ஏறும். வாழைத்தண்டு வெட்டிப் போட்டு ஊறவைத்துத் தண்ணீரை மாற்றும் பழைய வழக்கம் அதற்காகத்தான், அவசரப்பட்டு அதை விட்டுவிடாதீர்கள். பச்சைப் பாசி பிடித்த தொட்டியிலும் பின்னேரம் ஆகும்போது பீ.எச். நன்றாக ஏறியிருக்கும்.

இந்த அமோனியாவைத் தின்பவை பக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அமோனியாவை நைத்திரைற்று ஆக்கும், இன்னொரு கூட்டம் அதை நைத்திரேற்று ஆக்கும். 1890இலேயே ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார். பில்டர் என்று நாம் வாங்குவது இந்த உயிர்களுக்குக் கட்டிக் கொடுக்கும் வீடு. அவை தண்ணீரில் மிதந்து திரிவதில்லை, எதிலாவது ஒட்டிக்கொண்டுதான் வாழும். ஆகவே விஷயம் இரண்டு: ஒட்டுவதற்கு எவ்வளவு மேற்பரப்பு இருக்கிறது, அங்கே எவ்வளவு ஒட்சிசன் போய்ச் சேருகிறது. நான் சொன்ன 3 கிராமுக்குப் பத்துப் பதினைந்து சதுர மீற்றர் மேற்பரப்பு வேண்டும், ஏறக்குறைய ஒரு வகுப்பறைச் சுவர்.

அந்தச் சுவரை ஒரு 200 லீற்றர் நீலப் பரலுக்குள் மடித்து வைக்கலாம். வாவிக்கரையில் மீனவர்கள் கழித்துப் போடும் நைலோன் வலை போதும், நன்றாக அலசிவிட்டுச் சுருட்டிப் போடுங்கள். போத்தல் மூடிகளும் உதவும். ஒரு சிறு பையில் ஊரியோ சிப்பியோ வையுங்கள். பக்டீரியா வேலை செய்யச் செய்யத் தண்ணீர் புளிப்புப் பக்கம் சரியும், சிப்பிச் சுண்ணாம்பு அதைப் பிடித்து நிறுத்தும். முருகைக்கல் வேண்டாம், அதைக் கடலில் உடைத்தெடுப்பது சட்டப்படி குற்றம். பரலைத் தொட்டியைவிட உயரத்தில் வைத்து, மேலிருந்து மழைபோல் தண்ணீர் விழ, அடிக்குழாயால் திரும்பித் தொட்டிக்குப் போகவேண்டும். அதற்கு முன்னால் ஒரு வாளி இருந்தால் கழிவு அங்கேயே படியும். வேலை இவ்வளவுதான்.

கடையில் பெரிய விலைக்கு விற்கும் மூடிய கனிஸ்டரையும் யூ.வி. லைற்றையும் நான் ஏன் சொல்வதில்லை என்று கேட்கிறார்கள். யூ.வி. பச்சைத் தண்ணீரைத் தெளியவைக்கும், அது உண்மை. அமோனியாவில் ஒரு துளிகூடக் குறைக்காது. மூடிய பில்டருக்கு இந்த நாட்டில் இன்னொரு எதிரி இருக்கிறது, கரண்ட். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தோமே, அப்படியான நாளில் ஓட்டம் நின்ற கனிஸ்டருக்குள் ஒட்சிசன் சில மணித்தியாலத்தில் தீர்ந்து பக்டீரியா சாகத் தொடங்கலாம். கரண்ட் வந்ததும் அந்த அழுகல் நேரே மீனுக்குப் போகும். திறந்த பரலில் வலை ஈரமாகக் காற்றோடு இருப்பதால் தப்பிவிடும். மோட்டர் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் ஓட்டத்தை நம்பாதீர்கள். அது தண்ணீரை உயர்த்தாதபோதுள்ள கணக்கு, நாலைந்து அடி ஏற்றினால் பாதியாகலாம். 40 வாட் மோட்டர் இரவு பகலாக ஓடினால் மாதம் 29 யூனிட். 60 யூனிட்டுக்குள் நின்ற வீடு 90ஐத் தொடும். நமது கட்டணம் படிப்படியாக ஏறும் என்பதால் பில்லைக் கண்டு வீட்டில் சண்டை வரமுன் இதைப் பேசிக்கொள்ளுங்கள்.

பரல் வைத்தவுடன் மீனைக் கொட்டவேண்டாம். பக்டீரியா பெருக மூன்று முதல் ஆறு வாரம் எடுக்கும். முதலில் இரண்டு மூன்று மீன், கைநுனித் தீனி. வலையைக் கழுவுவதென்றால் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். உன்னிச்சைக் குளத்திலிருந்து குழாயில் வரும் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, நமக்கு அது பாதுகாப்பு, பக்டீரியாவுக்கு மௌத்து. வெள்ளிக்கிழமை காலையில் குழாயைத் திறந்து பளபளவென்று கழுவிவிட்டு திங்கட்கிழமை மீன் செத்தது என்று வருபவர்களுக்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

இனி நான் கேட்ட இரண்டாவது கேள்வி. பில்டர் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் அழுக்கு மறைந்து போவதில்லை, நைத்திரேற்றாக மாறித் தண்ணீரிலேயே நிற்கிறது. 3 கிராம் அமோனியா நைதரசன் 13 கிராம் நைத்திரேற்று ஆகும். மாதத்துக்கு 400 கிராம். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அந்த 400 கிராம், 8,000 லீற்றர் நல்ல தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்தப் போதும். எல்லை மீறிய தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகலாம், உடம்பு நீலம் பாயும். கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும்.

நாம் இருப்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு மணல் கீற்றில். கீழே உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாக நல்ல தண்ணீர் மிதக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கிணறுகளை இறைத்து இறைத்தே உப்பை மேலே இழுத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மணல் கிருமியை ஓரளவு தடுக்கும், கரைந்த நைத்திரேற்றைத் தடுக்காது. பத்துப் பேர்ச் காணியில் வீடு, மலசலகூடக் குழி, கிணறு, இப்போது மீன்தொட்டியும். குழிதான் பெரிய காரணம், அதை நான் மறுக்கவில்லை. ஒரு குடும்பத்தின் கழிவில் போகும் நைதரசன் மீன்தொட்டியைவிடப் பல மடங்கு. ஆனால் ஏற்கனவே தளும்பும் பாத்திரத்தில்தான் நாம் ஊற்றுகிறோம். "குழாய்த் தண்ணீர் வந்துட்டுதானே சேர்" என்பார்கள். குழாய் நிற்கும் நாளில் யாருடைய கிணற்றில் வாளி விழுகிறது? மாரியில் நிலத்தடி நீர் காலடிக்கே ஏறிவிடும், அப்போது உங்கள் தொட்டிக்கும் பக்கத்து வீட்டு உம்மாவின் கிணற்றுக்கும் இடையில் சில அடி மணல்தான்.

ஆகவே என் கருத்து இதுதான்: பயிர் இல்லாத வளவில் மீன்தொட்டி வேண்டாம். கழிவுத் தண்ணீரும் வாளியில் படிந்த சேறும் வாழைக்கும் முருங்கைக்கும் கங்குன் பாத்திக்கும் போகட்டும். அவற்றுக்கு நைத்திரேற்று பசளை, உரக்கடைக்குப் போகும் காசும் மிச்சம். ஒரே இடத்தில் கொட்டாமல் பரவலாக, கொஞ்சம் கொஞ்சமாக. கிணற்றடியிலும் வடிகானிலும் ஊற்றவேண்டாம், வடிகான் வாவிக்குத்தான் போகிறது. ஏற்கனவே ஊர்க் குப்பையெல்லாம் அங்கேதான். மாரி வெள்ளத்தில் தொட்டி நிரம்பி வழியாமல் விளிம்பை உயர்த்தி மேலே வலை கட்டுங்கள். பாசி தின்னும் என்று கடையில் தரும் டாங்க் கிளீனர் மீன் இலங்கையின் நீர்நிலைகளில் பரவிவிட்டது, வாவிக்கு அதை நாம் அனுப்பிவைக்கத் தேவையில்லை. வளர்க்க முடியாவிட்டால் மீனைக் கைவிட்டு மோட்டரை நிறுத்திவிடவும் வேண்டாம், தேங்கிய தொட்டியில் நுளம்பு பெருகும், பீ.எச்.ஐ. வந்து கேட்டால் பதில் இருக்காது. அந்த மீனும் நம்மிடமிருக்கும் அமானிதம்தான்.

பில்டர் பற்றிக் கேட்க விரும்புபவர்கள் தொட்டியின் நீளம், அகலம், ஆழம், ஒரு நாள் தீனியின் எடை, கிணறு எத்தனை அடி தூரம் என்பதை எழுதி அனுப்புங்கள். பரலின் அளவும் மோட்டரின் அளவும் கணக்குப் போட்டுச் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ்.