வேற நம்பர்ல எழுதின பரீட்சை

ராத்திரி முழுக்க கண் முழிச்சுப் படிச்சுட்டு, பேப்பர்ல பக்கத்து பெஞ்ச்காரன் ரிஜிஸ்டர் நம்பரை எழுதிட்டு வந்தா என்ன ஆகும்? மார்க் அவனுக்கு, அரியர் உங்களுக்கு! நான் இன்டர்ன்ஷிப் பண்ற ஆபீஸில் போன வாரம் இந்தக் கூத்தைத்தான் அடித்தேன்.

அங்கே மெயில் சர்வரில் குப்பை வடிகட்டுவது ஸ்பாம் அசாஸின். அதற்குள் கற்றுக்கொள்ளும் மூளை ஒன்று உண்டு. 18-ம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பாதிரியார் தாமஸ் பேய்ஸின் நிகழ்தகவுக் கணக்குதான் அதற்கு அடிப்படை. எந்த வார்த்தை குப்பையில் அதிகம் வருகிறது, எது நல்ல மெயிலில் வருகிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளும். குப்பை வாடை அடித்தால் மார்க் ஏற்றும், நல்லதென்றால் குறைக்கும். வழக்கமாக மொத்தம் 5 தொட்டால் ஸ்பாம்.

இந்த ஞாபகம் எல்லாம் மைஎஸ்க்யூஎல்லில் இருந்தது. அதை போஸ்ட்கிரெஸ்ஸுக்கு மாற்றும் வேலை எனக்கு. சிஸ்டம் அட்மின் அண்ணா எடுத்து வைத்திருந்த பேக்கப்பை 'எஸ்ஏ-லேர்ன்' கட்டளையால் ரீஸ்டோர் செய்தேன். ஒரு எரர்கூட இல்லை. 'நாமளா இது'ன்னு காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

ரெண்டு நாள் கழித்து ஹெச்.ஆர். மேடம் வந்தார். "வேலைக்கு அப்ளை பண்ணின ஒரு பொண்ணோட மெயில் ஸ்பாம்ல கிடக்குப்பா. நேத்தோட டேட் முடிஞ்சுபோச்சு!"

பகீர்னு ஆயிடுச்சு. டேபிளைத் திறந்தால் வார்த்தைகளே இல்லை, புரியாத எழுத்துக் குவியல். டேட்டா நாசம் என்று பதறினேன். நாசம் இல்லை, ஒவ்வொரு வார்த்தையையும் 5 பைட் ஹாஷாகத்தான் அது சேமிக்கும். அந்தப் பெண்ணின் மெயில் ஹெடரைப் பார்த்தேன். மார்க் 5.1. ஆனால், 'பேய்ஸ்' என்று தொடங்கும் விதி ஒன்றுகூட இல்லை. மூளை வேலையே செய்யவில்லை!

அண்ணா ஒரே கேள்வி கேட்டார். "தம்பி, எந்த யூசரா ரீஸ்டோர் பண்ணினே?"

"ரூட்டா, அண்ணா..."

சிரித்துவிட்டார். எஸ்க்யூஎல்லில் வைத்தால் ஞாபகம் யூசர் நேம் வாரியாகப் பிரியும். நான் ஊட்டிய அத்தனை அறிவும் ரூட் கணக்கில் தூங்கிக்கொண்டிருந்தது. ஃபில்டர் ஓடியது வேறு யூசரில். அதன் நோட்டு கிட்டத்தட்ட காலி. குறைந்தது 200 குப்பை, 200 நல்ல மெயில் படிக்காமல் பேய்ஸ் வாயே திறக்காது. அதுதான் அதன் டீஃபால்ட்.

சரியான யூசர் பெயரைக் கொடுத்து மறுபடி ரீஸ்டோர் செய்தேன். அதே மெயிலை உள்ளே அனுப்பினேன். பேய்ஸ் மார்க்கைக் குறைத்தது. 5-க்குக் கீழே வந்துவிட்டது. மேடமும் அந்த விண்ணப்பத்தைச் சேர்த்துக்கொண்டார். நல்லவேளை, அவர் ஸ்பாம் ஃபோல்டரைத் திறந்து பார்த்தார்!

உங்களுக்கு இப்படி ஒரு வேலை வந்தால் மூன்று விஷயம் பாருங்க. ஃபில்டர் எந்த யூசரில் ஓடுகிறது? அதே யூசரில் 'டம்ப் மேஜிக்' கொடுத்தால் ரெண்டு எண்ணிக்கையும் 200-ஐத் தாண்டுகிறதா? புது மெயில் ஹெடரில் பேய்ஸ் விதி தெரிகிறதா? மூன்றாவதைப் பார்க்காமல் டீக்கடைப் பக்கம் போகாதீங்க. எரர் வரலைன்னா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்லை, பாஸ்!