எலும்பு முறிந்தவருக்கு வெறும் கஞ்சி போதுமா?

கொல்லிமலைக்கு ஏறும் காரவள்ளி சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மலைச்சாலையில் விபத்து என்றால் ஆம்புலன்ஸ், ஆபரேஷன், செலவு பற்றித்தான் முதலில் பேசுகிறோம். அது சரிதான். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை இலவசமாகத் தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டமும் 2021 டிசம்பரில் வந்துவிட்டது. ஆனால், வீடு திரும்பியவரின் தட்டில் என்ன இருக்கிறது என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

பலத்த காயம் பட்டதும் உடல் தன் தசையையே உடைத்து அமினோ அமிலங்களை எடுத்துக்கொள்கிறது. புண் ஆறவும் கிருமியை எதிர்க்கவும் அதுதான் கச்சாப்பொருள். எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரில் நைட்ரஜன் அதிகமாக வெளியேறுவதை 1930-களிலேயே ஸ்காட்லாந்து மருத்துவர் டேவிட் கத்பர்ட்சன் கண்டறிந்தார். நைட்ரஜன் வெளியேறுகிறது என்றால், தசை கரைகிறது என்று அர்த்தம்.

எவ்வளவு தேவை?

60 கிலோ எடையுள்ளவருக்குச் சாதாரண நாளில் சுமார் 50 கிராம் புரதம் போதும். கடும் காயத்துக்குப் பிறகு 72 முதல் 120 கிராம் வரை தேவைப்படலாம். நம் வீடுகளிலோ ‘பத்தியம்’ என்று முட்டை, மீன், பருப்பை நிறுத்திவிட்டுக் கஞ்சி கொடுக்கிறோம். தேவை கூடும் நேரத்தில் வரவைக் குறைக்கிறோம்!

கொல்லிமலையில் விளையும் சாமை, தினை நல்ல உணவுதான். ஆனால், தானியங்களில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பு, பயறு வகைகளில் அது அதிகம். சாமைச் சோற்றோடு பருப்பும் சேர்ந்தால் கணக்கு சரியாகிவிடும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது.

பவுடர் வாங்கலாமா?

அவசரம் வேண்டாம். பல உறுப்புகள் செயலிழந்த தீவிர சிகிச்சை நோயாளிகளுக்கு குளுட்டமின் கொடுத்தபோது இறப்பு கூடியதாக 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. தீக்காய நோயாளிகளுக்கும் அதனால் பலன் இல்லை என்றது 2022 ஆய்வு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லாத வேலை. டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைப் பட்டியலோடு, ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம், எந்த உணவில் என்று தமிழில் நாலு வரி எழுதலாம். வீடு தேடி பிசியோதெரபி தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள், என்ன சாப்பிட்டார் என்றும் கேட்கலாம். மலையடிவாரத்தில் இருப்பது முட்டைக்குப் பேர்போன நாமக்கல். அந்த முட்டை, மலை மேல் படுத்திருக்கும் நோயாளியின் தட்டுக்கும் போய்ச் சேர வேண்டும்.