மனதோடு பேசினால் பைத்தியமா?

சிங்கப்பெருமாள் கோவிலில் பாடலாத்ரி நரசிம்மர் இருக்கும் குன்றைப் பக்தர்கள் சுற்றி வருகிறார்கள். பலருடைய உதடுகள் அசைகின்றன. சிலர் சாமியோடு பேசுகிறார்கள். சிலர் தங்களோடு தாங்களே பேசுகிறார்கள். மகள் கல்யாணம், வட்டிக்கடன், மாமியார் சொன்ன ஒரு சொல், எல்லாம் உள்ளே ஓடும்.

இது நோய் அல்ல. விளையாடும் குழந்தை, "இதை இங்கே வைக்கணும்" என்று சத்தமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும். வளர வளர அந்தப் பேச்சு மனதுக்குள் போய்விடுகிறது. ரஷிய அறிஞர் வைகோட்ஸ்கி 1934-ல் வெளிவந்த நூலில் இதை விளக்கினார். வள்ளுவரோ "நெஞ்சொடு கிளத்தல்" என்று ஓர் அதிகாரமே வைத்தார்! அதில் தலைவி தன் நெஞ்சோடு வழக்காடுகிறாள். அவளை யாரும் பைத்தியம் என்று சொன்னதில்லை.

டாக்டரிடம் எப்போது?

உள்ளே ஓடுவது நம் பேச்சுதான் என்று தெரிகிறது. அதை விட்டுவிட்டு வேலையைப் பார்க்கவும் முடிகிறது. அதுவரை கவலை இல்லை. வேறு யாரோ பேசுவதாக அடிக்கடி காதில் விழுந்தால், "அதைச் செய், இதைச் செய்" என்று அந்தக் குரல் அதட்டினால், டாக்டரைப் பார்க்க வேண்டும். (இறந்தவரின் குரல் துக்கத்தில் ஒருமுறை கேட்டது போல இருப்பது வேறு.) "நீ எதற்கும் உதவாதவள்" என்று மனம் ஓயாமல் சொல்லி, இரண்டு வாரமாகத் தூக்கமும் சோறும் இல்லை என்றாலும் பார்க்க வேண்டும். "செத்துவிடலாம்" என்று தோன்றினால் ஒரு நாள்கூடப் பொறுக்கக்கூடாது. அவரைத் தனியே விடவும் கூடாது.

வீடுகளில் நடப்பது என்ன? மந்திரிக்கிறார்கள். வேப்பிலை அடிக்கிறார்கள். மாதங்கள் போகின்றன. சாமி கும்பிட வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? கும்பிட்டுவிட்டு டாக்டரிடமும் போகலாமே!

சங்கிலி போடுவதுதான் கொடுமை. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் இருந்த கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். மருந்தால் குணம் கண்டு வீடு திரும்பியிருக்கக்கூடியவர்கள் அவர்களில் எத்தனை பேரோ! மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது.

சிங்கப்பெருமாள் கோவிலில் ரெயில் ஏறினால், பரனூருக்கு அடுத்தது செங்கல்பட்டு. அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. அவ்வளவு தூரம் போகத் தயக்கமா? போனில் 14416 என்ற எண்ணை அழுத்தினால், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். காசு கிடையாது. நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை; தாயோ, அண்ணனோ பேசலாம்.